இறக்கச் சொன்ன குரல்

இசைக்கருவிக் கடையில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். முதலாளி ஏதோ ஒரு நாள் விளையாட்டாக வைத்தது, பசை போல ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அது வெல்லக்கட்டி.

மனைவி மட்டும் அந்தப் பெயரை ஒப்புக்கொண்டதில்லை. "பாம்புக்குக் காதே கிடையாதாம். உங்க முதலாளிக்கு அது தெரியுமா தெரியாதா?" என்பாள்.

வயலின்தான் அவருடைய வாத்தியம். சின்ன வயதில் பெரிய மேடை ஆசை இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? மேடை கிடைத்தது, ஆனால் பின்வரிசை. பத்து வயலின்களில் எட்டாவது. கல்யாணம் ஆனபிறகு அதையும் விட்டுவிட்டுக் கடையில் சேர்ந்தார். தந்தி மாற்றுவது, பிரடையை முறுக்கிச் சுருதி சேர்ப்பது, வாங்க வருகிறவர்களுக்கு நான்கு வரி வாசித்துக் காட்டுவது. ஊரின் மறுகோடியிலிருந்தெல்லாம் வயலினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அவர் காதுல ஒரு தடவை போட்டு எடுத்துட்டு வாங்க, போதும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். சுருதி காட்டும் கருவி கடையில் பெட்டி பெட்டியாக இருந்தது. அவர் ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொண்டதில்லை. லிஃப்ட் மணி அடித்தால் அது எந்தச் சுரம் என்பார். பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் அதற்கும் ஒரு சுரம் சொல்வார்.

"கதவு பேசுறது கேக்குது, பொண்டாட்டி பேசுறதுதான் கேக்காது" என்பாள் அவள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க யாருக்காவது கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களுடைய ஒரே மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான். வீட்டில் இரண்டே பேர், ஒரு வயலின், ஒரு டி.வி.

கோடை விடுமுறை வந்தால் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் பகல் முகாம் நடத்துவார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் காலையில் வந்து இறங்கினால் சாயங்காலம்தான் வீடு. நீச்சல், ஓவியம், களிமண், சதுரங்கம், அதோடு சாஸ்திரீய சங்கீதம். பாதிப் பிள்ளைகள் சங்கீதத்துக்கு வந்தது நீச்சல் வகுப்பில் இடம் கிடைக்காததால்தான். அது அவருக்கும் தெரியும். முதல் நாளே சொல்லிவிடுவார்: "தண்ணியில குதிக்க முடியலேன்னு வந்தவங்கல்லாம் கை தூக்குங்க. சரி, இங்கே சுரத்துல குதிப்போம். முழுகினா நான் தூக்கிவிடுறேன்." பிள்ளைகள் சிரிக்கும். சிரித்துவிட்டால் பிறகு வாயைத் திறக்கவைப்பது சுலபம்.

நல்ல வாத்தியார்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை அவருக்குச் செய்கிற அநியாயம். எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. பெயர் நினைவில் நிற்காது என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். பிள்ளைகளும் வீட்டில் போய் அதைப் பெருமையாகச் சொல்லும். அடங்காத கூட்டத்தை ஒரே சுரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "இப்ப பாருங்க, நாம எல்லாம் ஒரே ஆளு" என்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் வருஷா வருஷம் போனார்.

அந்த வருஷம் முகாம் தொடங்குவதற்குச் சற்று முன் அவருக்குப் பொல்லாத சளி பிடித்தது. மூக்கு, தொண்டை எல்லாம் அடைத்து, கடைசியில் இடது காதில் போய் உட்கார்ந்துகொண்டது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, காது மட்டும் பஞ்சு வைத்த மாதிரியே இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்."

"சளிதானே, தானா வடிஞ்சிடும்."

"டி.வி.யை எவ்வளவு சத்தமா வெச்சிருக்கீங்க தெரியுமா? மேல் வீட்டுல நம்ம டி.வி.யிலதான் செய்தி கேக்குறாங்க."

"உனக்குக் கண்ணு, எனக்குக் காது. அவங்கவங்க தொழிலை அவங்கவங்க பாப்போம்."

அதோடு பேச்சு முடிந்தது. பஞ்சு மெல்ல விலகியதுபோலத்தான் இருந்தது. சத்தம் மறுபடி தெளிவாகக் கேட்கவும் காது ஆறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். கடையில் ஒரு பெண், இவர் சுருதி சேர்த்துக் கொடுத்த வயலினைத் திரும்பக் கொண்டுவந்து, "ஏதோ இறங்கி இருக்கு சார்" என்றாள். இவர் மறுபடி சேர்த்துக் கொடுத்து, அவள் படியிறங்கியதும், "பழகாத காது" என்றார். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். பாம்புச்செவி சொன்னால் மறுபேச்சு ஏது?

முகாமில் அவருக்குக் கொடுத்த அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கீபோர்டு வகுப்பு. அதை நடத்தியது புதிதாகச் சேர்ந்த டீச்சர், படிப்பை முடித்துச் சில வருஷங்களே ஆனவள், சத்தமாகப் பேசவே யோசிக்கிற சுபாவம்.

பிள்ளைகளில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, வெயிலோ நிழலோ, பச்சைத் தொப்பியோடுதான் வருவாள். அதனால் அவள் பச்சைத்தொப்பி. அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலைக்குப் போகிற வழியில் கருவிப் பையும் தோளுமாக அவளை வாசலில் விட்டுவிட்டு, "வாத்தியார் சொன்னபடி கேளு" என்று சொல்லிவிட்டு ஓடுவார்.

முதல் நாள் சுருதிப்பெட்டியைப் போட்டு, எல்லோரையும் ஸ பாடச் சொன்னார். மற்ற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து பாடினாள். கூச்சமே இல்லாத குரல். ஜன்னலோரம், அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரல் வந்து காதில் விழுந்ததும் அவருக்குப் புருவம் சுருங்கியது. குரலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குரல், ஒரு மயிரிழை மேலே, ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பெட்டியும் அப்படித்தான் கேட்டது.

"இது கிழடு தட்டிப்போச்சு" என்று பெட்டியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார். வயலினை எடுத்துத் தோளில் வைத்து, இடது காதுக்கு அருகிலேயே பிடித்து, தன் காதுக்குச் சரி என்று படும்வரை தந்தியை இறக்கினார். "இனிமே இதுதான் சுருதி. இதைக் கேட்டுப் பாடுங்க."

மற்ற பிள்ளைகள் வயலினோடு போனார்கள். அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். பச்சைத்தொப்பி மட்டும் போகவில்லை. பெட்டியில் ஒரு தடவை கேட்ட சுரம் அவளுக்குள் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டிருந்தது.

"கொஞ்சம் ஏறுது. இறக்கு" என்றார்.

இறக்கினாள். இரண்டு வரி போவதற்குள் பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

"மறுபடி ஏறுது பாரு."

தினமும் இதே பாட்டு. சரளி வரிசை நடக்கும், கூட்டம் நன்றாகப் போகும், நடுவில் அவள் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வயலினை நிறுத்தி, வில்லால் அவளைச் சுட்டி, "இறக்கு" என்பார். கடைசி நாள் நிகழ்ச்சியில் ஒருவர் ஒரு வரி தனியாகப் பாட, மற்றவர்கள் மறுவரி பாடுவதாக ஏற்பாடு. அந்தத் தனிக்குரலுக்கு இவளைத்தான் முதலில் நினைத்திருந்தார். அவ்வளவு கணீரென்ற குரல் அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் இல்லை. அதனாலேயே அவருக்கு எரிச்சல் அதிகமாயிற்று. ஒன்றுமில்லாதவளிடம் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

ஒரு நாள் மதியம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கை கழுவப் போனபிறகு கீபோர்டு டீச்சர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தத் தொப்பிப் பொண்ணு பாடுறது என் கீபோர்டோட சரியா ஒட்டுது சார். மத்தவங்க பாடுறதுதான் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"இறங்கினாப்ல..."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். "கீபோர்டு வாசிக்க விரல் இருந்தா போதும்மா. கட்டையை அமுக்கினா சுரம் வந்துடும். காதை வெச்சுப் பொழைக்கிறவன் நான். அதை என்கிட்ட விட்டுடு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சரிங்க சார்" என்று போய்விட்டாள். இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒத்திகை பார்த்தபோது கீபோர்டு அவருக்கு ஏறிக் கேட்டது. "அதைக் கொஞ்சம் இறக்கும்மா, அதுல சுருதி மாத்துற குமிழ் இருக்கும்" என்றார். மறுபேச்சில்லாமல் அவள் குமிழைத் திருப்பி அவர் வயலினுக்குச் சமமாக்கிக்கொண்டாள்.

பச்சைத்தொப்பி அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. இறக்கு என்று அவர் அன்றைக்கு நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சொன்னபோது எழுந்து நின்றாள்.

"பெட்டி இருந்தப்போ நான் சரியாப் பாடினேன் சார். நீங்க பெட்டியைப் போடுங்க, நான் பாடிக் காட்டுறேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நியாயம்தான் கேட்டாள். ஆனால் வகுப்பு முழுக்க அமைதியாகி இவர் முகத்தைப் பார்த்தது. முப்பது வருஷமாக இவர் காதை யாரும் சோதிக்கச் சொன்னதில்லை. நடுவில் ஒரு பொடிசு எழுந்து நின்று சோதிக்கலாம் வா என்கிறது.

"உனக்குக் குரல் இருக்கு. காது இல்ல" என்றார் அவர். "குரல் இருந்து காது இல்லாட்டா அது பாட்டு இல்லம்மா, வெறும் சத்தம். நீ இனிமே பாட வேணாம். பின்னாடி உக்காந்து தாளம் போடு."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் அழவில்லை. பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்து, சொன்னபடி தாளம் போட்டாள். தாளமும் பிசகவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தன்னால் முடியுமா என்று பார்க்கிறவள்போல, மிக மெல்ல, அடிக்குரலில், வயலினோடு சேர்த்து இறக்கி இறக்கிப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்தார். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு தலையாட்டி, "இப்ப சரி. பாத்தியா, வந்துடுச்சு" என்றார். ஆனால் தனிவரியை அதற்குள் வேறு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த திங்கள்கிழமை நீச்சல் வகுப்பில் யாரோ நின்றுவிட, அந்த இடத்துக்கு அவள் மாறிப்போய்விட்டாள். அவருக்கு அப்பாடா என்றும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. அப்பாடா என்றதைத்தான் வெளியே காட்டிக்கொண்டார்.

நிகழ்ச்சி கடைசி நாள் பகலில், பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. அப்பா அம்மாமார்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவியும் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து இரண்டாம் வரிசையில் இருந்தாள். மேடையில் பள்ளிக்கூடத்துப் பியானோ ஒன்று நின்றது. முகாம் நடத்துகிறவர், "கீபோர்டு எதுக்கு? இவ்வளவு அழகான பியானோ சும்மாதானே கிடக்குது, இதையே வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பியானோவில் திருப்புவதற்குக் குமிழ் கிடையாது. கீபோர்டு டீச்சர் ஒரு தடவை இவரைப் பார்த்தாள். இவர் வில்லை எடுத்துவிட்டார்.

முதல் வரியிலேயே பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துபோனார்கள். பியானோ பக்கம் நின்றவர்கள் பியானோவோடு போனார்கள், வயலின் பக்கம் நின்றவர்கள் வயலினோடு போனார்கள். தனிக்குரல் பிள்ளை எங்கே போவதென்று தெரியாமல் நடுவில் அந்தரத்தில் தொங்கியது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவருக்குப் பியானோ கெட்டுக் கிடக்கிறது என்று தோன்றியது. அதை அமுக்கிவிடலாம் என்று இன்னும் அழுத்தி வாசித்தார். அவர் வயலின் எவ்வளவு ஓங்கியதோ அவ்வளவுக்குக் கூடம் நெளிந்தது. சுரம் தெரியாத ஜனம்கூட நாற்காலியில் அசைந்தது. கீபோர்டு டீச்சர் மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்து, கடைசி வரிகளில் கையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள்.

கைதட்டினார்கள். பிள்ளைகளுக்காகத் தட்டுகிற கைதட்டு எப்போதும் உண்டே.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். பாதி தூரம் வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சங்கீதம் தெரியாது."

"தெரியும்."

"ஆனா உங்க வயலினை இத்தனை வருஷமா கேட்டிருக்கேன். இன்னைக்கு அது உங்க வயலின் இல்லங்க."

"அந்தப் பியானோவை யாரும் பத்து வருஷமா தொட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க..."

"பியானோ வர்றதுக்கு முன்னாடியே ஒரு மாசமா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "நான் தினம் எத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டுறேன். அதுல ஒருத்தரும் முதல்ல ஒத்துக்க மாட்டாங்க. போர்டுலதான் எழுத்து சின்னதா எழுதியிருக்குன்னுவாங்க. நீங்களும் இப்ப அதைத்தான் சொல்றீங்க."

அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். இறங்கவில்லை.

திங்கட்கிழமை மனைவி தன் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிற காது பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப்போனாள். கதவு கனத்த சின்ன அறை. பரிசோதனை செய்த பெண் தலையில் கருவியை மாட்டி, வலது காதில் ஒரு ஒலியை விட்டாள். பிறகு இடது காதில்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கா சார்?"

"இல்ல. ரெண்டாவது ஒரு இழை ஏறி இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. வேறு யாரும் இவ்வளவு நுணுக்கமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அவள் மறுபடி விட்டாள். "இப்ப?"

"இப்பவும் அப்படித்தான்."

"ரெண்டும் ஒரே ஒலிதான் சார்."

"இல்லம்மா. நல்லாப் பாருங்க. நான் இதே தொழில்ல..."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே எண். பிறகு கருவியைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். அப்போதும் இடது காதில் விழுந்ததுதான் ஏறியிருந்தது. உள்காது சளியில் பாதிக்கப்பட்டால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, ஒரு காது சுரத்தைச் சற்றுத் தள்ளிக் கேட்கும் என்றாள். சீக்கிரம் வந்திருந்தால் மருந்து நன்றாகப் பிடித்திருக்கும், இப்போதும் முயற்சி செய்யலாம், பாதியாவது திரும்பலாம் என்றாள்.

முதலில் அவருக்கு வந்தது பிழைப்பைப் பற்றிய பயம். கடையில் முகத்தை எப்படிக் காட்டுவது என்ற வெட்கம் அதற்கு அடுத்தது. பச்சைத்தொப்பி நினைவுக்கு வந்தது மூன்றாவதாகத்தான், அங்கிருந்த டாக்டரும் அதையே சொல்லி எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டோடு வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது. ஆனால் வந்த நினைவு பிறகு போகவில்லை. பெட்டியைப் போடுங்க, நான் பாடிக் காட்டுறேன் என்றாளே. அலமாரியைத் திறந்து பெட்டியை எடுக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

நடைபாதையில் நின்றபடியே கீபோர்டு டீச்சரைக் கைபேசியில் அழைத்தார். விஷயத்தைச் சொன்னார். "ஏம்மா, உனக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் சார்" என்றாள்.

விலாசம் வாங்கிக்கொண்டு அந்த வாரமே பச்சைத்தொப்பியின் வீட்டுக்குப் போனார். அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து அவளுடைய அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார், நீங்க எதுக்கு சார் இவ்வளவு தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. லிஃப்ட்டுக்குப் பார்ட் வரணும் சார், ஊர் லிஃப்டெல்லாம் ஓட்டிடுறேன், இதுதான் எனக்குன்னு மொரண்டு பிடிக்குது."

அவர் உட்கார்ந்து வந்த விஷயத்தைச் சொன்னார். ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். அப்பாக்காரர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

"நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க சார். ஆனா எங்க குடும்பத்துலயே யாருக்கும் பாட்டு வராது. நீங்க காது இல்லேன்னு சொன்னதா பாப்பா வந்து சொல்லிச்சு. அவங்க அம்மாவுக்குத்தான் வருத்தம். நான் சொன்னேன், அவர் எவ்வளவு பெரிய ஆளு, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், இப்பவே தெரிஞ்சது நல்லதுன்னு. முன்னெல்லாம் குளிக்கும்போது கத்திப் பாடும். இப்ப நாங்களே, பாட்டு நமக்கு ஆகாதும்மான்னு சொல்லிச் சொல்லி நிறுத்திட்டோம்."

அவர் ஒரு தடவை சொன்னதை அந்த வீடு தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் அவர் மேலிருந்த மரியாதையால்.

பச்சைத்தொப்பி உள்ளேயிருந்து வந்தாள். நீச்சல் பயிற்சியிலிருந்து திரும்பித் தலை ஈரமாக இருந்தது, தொப்பி இல்லை. தொப்பியில்லாமல் வேறு யாரோ போல இருந்தாள்.

"தப்பு உன் மேல இல்லம்மா. என் காதுல இருந்துச்சு. நீ பாடினதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு."

அவள் அவர் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தக் காது சார்?"

"இது."

"வலிக்குதா?"

"வலிக்கல."

"வலிச்சிருந்தா உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல சார்" என்றாள். அவருக்காக அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்ததுபோல இருந்தது.

"ஆமாம்மா. இப்ப ஒரு தடவை பாடிக் காட்டுறியா?"

"வேணாம் சார்."

"சார் கேக்குறாரு இல்ல, பாடு" என்றார் அப்பா.

"விடுங்க தம்பி, வற்புறுத்த வேணாம்" என்றார் இவர். ஆனால் அப்பா சொன்னபிறகு அவள் கைகட்டி நின்றுவிட்டாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அவர் கைபேசியில் சுருதி ஒலியைப் போட்டு மேஜைமேல் வைத்தார். இடது காதை உள்ளங்கையால் இறுக்கமாகப் பொத்திக்கொண்டார். வலது காது பொய் சொல்லாது என்று பரிசோதனையில் சொல்லியிருந்தார்கள்.

அவள் பாடினாள். வாய் பாதிதான் திறந்தது. கணீரென்று வந்த குரல் தொண்டைக்குள்ளேயே பதுங்கிக்கொண்டிருந்தது. பாடிய ஸ, சுருதிக்கு ஒரு இழை கீழே இருந்தது. மேலே போகும் என்று காத்திருந்தார், போகவில்லை. மேல் ஸ வரைக்கும் ஒவ்வொரு சுரத்தையும் அவள் கவனமாக, அளந்து, அவர் கேட்ட அளவுக்கே இறக்கிப் பாடினாள். அவர் வயலின் அந்தக் கோடையில் எங்கே நின்றதோ சரியாக அங்கே. பின்வரிசையில் உட்கார்ந்து பழகியதை அவள் மறக்கவே இல்லை.

"இப்ப ஏறலயே சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார். "ஏறல."

அதற்குமேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறேன், பழைய சுருதிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னபடி சில வாரம் போகவும் செய்தார், புதிய சுருதிப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு. அவள் மரியாதைக்கு உட்கார்ந்தாள். ஏற்று என்றால் ஏற்றுவாள், ஏற்றிவிட்டு உடனே பயந்து அவர் முகத்தைப் பார்ப்பாள், பார்த்த மாத்திரத்தில் குரல் நழுவிக் கீழே இறங்கிவிடும். என் முகத்தைப் பார்க்காமல் பாடு என்று சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தும் பார்த்தார். பிறகு நீச்சல் போட்டி வந்தது, பள்ளி திறந்தது, ஒரு வாரம் தவறியது, அடுத்த வாரமும் தவறியது. "பாப்பாவுக்கு ரொம்ப ஆர்வம் இல்ல சார், உங்களுக்குத்தான் சிரமம்" என்றார் அப்பா. அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா, விட்டது சரிதானா என்று பின்னாளில் மனைவியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அவள் ஒரு தடவை ஒரு பதில் சொல்வாள், மறு தடவை வேறு பதில் சொல்வாள்.

கடையில் அவரே முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி நல்ல மனுஷர், வேலையை விட்டு அனுப்பவில்லை. தந்தி மாற்றுவது, வில்லுக்கு மயிர் கட்டுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது என்று மாற்றிக்கொடுத்தார். சுருதி சேர்க்கிற வேலை கருவிக்குப் போயிற்று. பாம்புச்செவி என்று கூப்பிடுவதை மட்டும் எல்லோரும் ஒன்றுபோல நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லிவைத்து நிறுத்தவில்லை, தானாக நின்றது. அது அவருக்கு வேலை மாறியதைவிட அதிகமாக உறைத்தது. மருந்தில் பாதிக் காது திரும்பியது, டாக்டர் சொன்னதுபோலவே பாதி.

அடுத்த கோடைக்கும் முகாமிலிருந்து அழைத்தார்கள். கீபோர்டு டீச்சர் பாட்டு வகுப்பை நடத்தட்டும், தான் பக்கத்தில் இருந்து பிள்ளைகளுக்கு வயலின் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் நிபந்தனை போட்டார். அவள் தயங்கினாள், பிறகு ஒப்புக்கொண்டாள். வகுப்பில் யாரையாவது திருத்துவதற்கு முன் அவர் அவளைப் பார்ப்பார். அவளும் முன்போல "சரிங்க சார்" என்று விட்டுவிடாமல், இல்லை என்றால் இல்லை என்பாள். அந்த அளவுக்கு நல்லதாயிற்று. ஆனால் போன கோடையில் அவர் வயலினைக் கேட்டுப் பாடிய மற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது எங்கே எப்படிப் பாடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பட்டப்பெயரிலேயே கூப்பிட்டு வந்ததால் பாதிப் பேரை எப்படி விசாரிப்பதென்றும் தெரியவில்லை.

ஒரு நாள் மதியம் மாடிப்படியில் நீச்சல் பிள்ளைகள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். அதில் அவள் இருந்தாள், நெடுநெடுவென வளர்ந்து, தோள் அகலமாகி. அவர் ஒதுங்கி வழி விட்டார். அவள் நின்றுவிட்டாள்.

"காது சரியாயிடுச்சா சார்?"

"பாதி ஆச்சும்மா."

"மீதி?"

"மீதி ஆகாதாம்."

அவள் ஒரு நொடி யோசித்தாள். "பரவால்ல சார்" என்றாள், பெரியவர்கள் தோளைத் தட்டிச் சொல்கிற மாதிரி. கீழேயிருந்து யாரோ கூப்பிட, இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஈரக் காலடிகள் படியில் காய்ந்து மறைகிறவரை அங்கேயே நின்றார்.